கடப்பா பலகையை உடைக்கணுமா? 1.30 லட்சத்துக்குள் சமையலறை அலமாரி

கயல்_மாடம்பாக்கம்

எல்லோருக்கும் வணக்கம். சமையலறை வேலையை ஆரம்பிப்பதற்கு முன் உங்களிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடலாம் என்று எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

வீடு மாமனார் 1994-இல் கட்டியது. தரைத்தளம். சமையலறை பத்துக்கு எட்டு அடி. எல் வடிவ மேடை, ஒரு பக்கம் எட்டடி, இன்னொரு பக்கம் ஐந்தடி. மேலே கறுப்பு கிரானைட். கீழே செங்கல் தடுப்புகளுக்கு நடுவில் கடப்பா பலகைகள். தரையிலிருந்து நாலு அங்குலம் உயர்த்திக் கட்டியிருக்கிறார்கள். கதவு கிடையாது. இத்தனை வருஷமும் கம்பியில் கோர்த்த துணித் திரைதான். கரப்பான் தொல்லை தாங்கவில்லை. எந்தப் பாத்திரத்தை எடுத்தாலும் ஒருமுறை கழுவிவிட்டுத்தான் அடுப்பில் வைக்கிறோம்.

அத்தைக்கு 71 வயது, முழங்கால் வலி. அடித்தட்டில் இருக்கும் பெரிய குக்கரை எடுக்க உட்கார்ந்துவிட்டு, எழும்போது மேடை விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு எழுந்திருப்பார். அதைப் பார்த்துத்தான் இந்த வருஷமே செய்துவிடுவது என்று முடிவு செய்தோம்.

கையில் இருப்பது 1,30,000. ஒரு மாடுலர் கிச்சன் கடையிலிருந்து வந்து அளவெடுத்தார்கள். 3,40,000 சொன்னார்கள். 18 சதவீத ஜிஎஸ்டி தனியாம். சேர்த்தால் 4,01,200. பழைய மேடையை மொத்தமாக உடைத்தால்தான் வேலை செய்ய முடியும் என்கிறார்கள், உடைக்கும் கூலி இந்தக் கணக்கில் வராது. பக்கத்துத் தெருக்காரர் பிவிசி பிளாஸ்டிக் பலகையே போதும் என்கிறார். என் தம்பி அலுமினியம் போடு என்கிறான். எனக்குத் தலை சுற்றுகிறது. கடப்பாவை உடைக்கத்தான் வேண்டுமா? எதைப் போட்டால் பத்து வருஷத்துக்குக் கவலையில்லாமல் இருக்கலாம்?

கோவை_வாசி

அக்கா, நான் செய்த தப்பை நீங்கள் செய்யக் கூடாது என்பதற்காகவே எழுதுகிறேன். 2017-இல் புது ஃபிளாட்டுக்கு மாடுலர் போட்டோம். கடையில் காட்டிய கதவு கண்ணாடி மாதிரி பளபளவென்று இருந்தது. எந்த நிறம் எடுப்பது என்றுதான் நானும் மனைவியும் இரண்டு வாரம் பேசினோம். உள்ளே இருக்கும் பெட்டி என்ன பலகை என்று ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. அது பார்ட்டிகிள் போர்டு, மரத்தூளைப் பசையோடு அழுத்திச் செய்வது.

மூன்றாவது வருஷம் சிங்க்குக்குக் கீழே குழாய் இணைப்பில் மெல்லிய கசிவு. ஊருக்குப் போய்ப் பத்து நாள் கழித்துத் திரும்பினால், அடிப்பலகை நடுவில் உப்பி நிற்கிறது. விரலால் அழுத்தினேன், டீயில் நனைந்த பிஸ்கட் மாதிரி பொடிந்து விழுந்தது. பக்கப் பலகையும் கீழிருந்து ஒரு சாண் உயரத்துக்கு ஊறி, கீல் பிடித்திருந்த திருகு கழன்று, கதவு ஒரு பக்கமாகத் தொங்கியது. வாரண்டி கேட்டபோது தண்ணீர் பட்டால் வாரண்டி இல்லை என்று விதியில் இருப்பதைக் காட்டினார்கள். சமையலறையில் தண்ணீர் படாமல் எப்படி?

கதவு நன்றாகத்தான் இருக்கிறது இன்றைக்கும். பெட்டிதான் போய்விட்டது. அதனால் எந்தக் கடையில் விலை கேட்டாலும் முதல் கேள்வி, பெட்டி எந்தப் பலகை என்பதாக இருக்கட்டும்.

உளியும்_இழைப்புளியும்

வணக்கம்மா. மதுரையில் 24 வருஷமாக மர வேலை செய்கிறேன். கோவைத் தம்பி சொன்னது முழுக்க உண்மை.

உங்கள் கேள்விக்கு நேராக வருகிறேன். கடப்பாவை உடைக்காதீர்கள். உங்கள் மாமனார் கட்டி வைத்திருப்பதுதான் பெட்டி. தண்ணீர் பட்டால் ஊறாது, கரையான் தின்னாது, இருபது கிலோ பாத்திரம் வைத்தாலும் வளையாது. மாடுலர் கடைக்காரர்கள் உடைக்கச் சொல்வதற்குக் காரணம், அவர்கள் பெட்டி தொழிற்சாலையில் நேர் மூலைமட்டத்தில் வருகிறது. செங்கல் தடுப்பு ஒவ்வொன்றும் அரை அங்குலம் அப்படி இப்படி இருக்கும். அதற்குள் அந்தப் பெட்டி உட்காராது. அவர்கள் மேல் தப்பில்லை, அவர்கள் முறைக்கு அது ஒத்துவராது, அவ்வளவுதான்.

ஆனால் கார்பெண்டரை வைத்துச் செய்தால், செங்கல் தடுப்பின் முகப்பில் மரச் சட்டம் அடித்து, அதில் கதவு மாட்டிவிடலாம். தடுப்பு கோணலாக இருந்தாலும் சட்டத்தைக் குண்டுநூல் பார்த்து நேராக நிறுத்திக்கொள்ளலாம். உங்களுக்கு வாங்க வேண்டியது சட்டம், கதவு, கீல், கைப்பிடி. பெட்டிக்கான பலகைச் செலவு அப்படியே மிச்சம்.

இரண்டு தடுப்புக்கு நடுவில் ஒரே ஒரு இடத்தில் மட்டும் நடுக் கடப்பாவை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் மூன்று ட்ராயர் போடுங்கள். அடுப்புக்குப் பக்கத்து இடமாகப் பாருங்கள். அத்தை குனியாமல் இருக்க வேண்டும் என்றால் கதவு உதவாது, ட்ராயர்தான் உதவும். கதவு வைத்த அலமாரியில் பின்னால் இருப்பதை எடுக்க உட்கார்ந்தே ஆக வேண்டும். ட்ராயர் என்றால் பொருள் நம்மைத் தேடி வரும். பெரிய குக்கர் அடி ட்ராயரில், அரிசி எடுக்கும் பாத்திரம் நடுவில், கரண்டி வகையறா மேலே.

அம்பத்தூரான்

பிவிசியை எல்லோரும் கழித்துக்கட்டுவதற்கு முன் என் அனுபவத்தையும் சொல்லிவிடுகிறேன். 2019-இல் சதுர அடி 380 ரூபாய்க்குச் செய்தேன். கரையான் கிடையாது, தண்ணீர் பயம் கிடையாது, சோப்புத் துணியால் துடைத்தால் போதும். மூன்றே நாளில் வேலை முடிந்தது. என் பட்ஜெட் அப்போது மொத்தமே 40,000. அந்தக் காசுக்கு நல்ல பிளைவுட் வாங்கியிருக்க முடியாது. கையில் காசு குறைவாக இருப்பவர்களுக்கு அது ஒரு வரம்.

உளியும்_இழைப்புளியும்

சரிதான் சார், மறுக்கவில்லை. சிங்க்குக்குக் கீழே வைக்கும் கதவுக்கு நானே பிவிசி போட்டுக் கொடுத்திருக்கிறேன். என் தயக்கம் இரண்டு இடத்தில்தான். ஒன்று, உள்ளே குழலாக இருக்கும் பலகையில் திருகு பிடிக்கச் சதை இருக்காது. தினமும் இருபது முறை திறந்து மூடும் கதவில் கீல் இருக்கும் இடம் சீக்கிரம் தளர்ந்துவிடும். இரண்டு, அடுப்புக்குப் பக்கத்தில் சூடு படும் இடத்தில் பலகை நெளியும். இரண்டடிக்கு மேல் அகலமான தட்டில் கனம் வைத்தால் நடுவில் தொங்கும். உங்கள் வீட்டில் எப்படி இருக்கிறது?

அம்பத்தூரான்

நேர்மையாகச் சொல்கிறேன். மிக்ஸி வைக்கும் அலமாரிக் கதவு இரண்டாவது வருஷமே கீலோடு பிய்ந்து வந்தது. திருகுக்குப் பதிலாக வெளியே வரைக்கும் ஓட்டை போட்டு போல்ட் நட் முடுக்கினேன், அதற்குப் பிறகு அசையவில்லை. மேல் அலமாரித் தட்டும் கொஞ்சம் வளைந்துதான் இருக்கிறது. மற்றபடி எனக்குத் திருப்தி.

நாஞ்சில்காரன்

எங்கள் நாகர்கோவில் பக்கம் வருஷக்கணக்காக இரண்டு முறை உண்டு. ஒன்று ஃபெர்ரோசிமெண்ட் பலகை. மெல்லிய கம்பி வலைமேல் சிமெண்ட் பூசி ஒரு அங்குலக் கனத்தில் வார்த்த பலகை. கேரளத்தில் நிறையப் போடுகிறார்கள், எங்களுக்கும் அங்கிருந்துதான் வந்தது. உங்களுக்குக் கடப்பா ஏற்கெனவே இருப்பதால் அது தேவையில்லை.

இன்னொன்று அலுமினியச் சட்டம் வைத்த கதவு. பவுடர் கோட்டிங் செய்த சட்டத்துக்குள் ஏதாவது ஷீட்டைச் செருகிவிடுவார்கள். விலை குறைவு, கனம் குறைவு, கடல் காற்றுக்கும் தாங்கும். குறை என்னவென்றால் சட்டத்தின் உள் மூலையில் எண்ணெய்ப் பிசுக்கும் மாவும் சேரும். வாரம் ஒருமுறை பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்தால்தான் போகும். மூடும்போது தகரச் சத்தம் வரும், ரப்பர் ஒட்டினால் குறையும். உங்கள் தம்பி சொன்னது தப்பான யோசனை இல்லை. மர வேலைக்கு நம்பிக்கையான ஆள் கிடைக்காவிட்டால் நான் இதைத்தான் சொல்வேன்.

முடிச்சூர்_மனை

கயல் மேடம், மாடம்பாக்கம் தரைத்தளம் என்று படித்தவுடன் எழுத வேண்டும் என்று தோன்றியது. 2015 டிசம்பரில் எங்கள் வீட்டுக்குள் இடுப்பளவு தண்ணீர். மூன்று நாள் நின்றது. வடிந்த பிறகு உள்ளே போனால், கூடத்து டிவி அலமாரி, படுக்கையறை பீரோ எல்லாம் கூழாகிவிட்டன. சமையலறையில் அம்மா காலத்துக் கடப்பா மேடை மட்டும் சேற்றோடு அப்படியே நின்றது. குழாயைத் திறந்துவிட்டு, துடைப்பத்தால் தேய்த்து, பிளீச்சிங் பவுடர் போட்டுக் கழுவினோம். அன்று மாலையே அதன்மேல் ஸ்டவ் வைத்துக் கஞ்சி காய்ச்சினோம்.

2023 டிசம்பர் மிக்ஜாம் புயலின்போது தெருவோடு நின்றுவிட்டது, ஆனால் அந்த இரவு முழுக்க நாங்கள் வாசற்படியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தோம். உங்கள் பக்கம் தண்ணீர் ஏறுமா என்று அக்கம்பக்கத்தில் கேளுங்கள். ஏறும் என்றால் தரையோடு ஒட்டி எந்தப் பலகையும் வேண்டாம்.

கயல்_மாடம்பாக்கம்

எல்லோருக்கும் மிக்க நன்றி. முடிச்சூர் சார், நீங்கள் எழுதியதை அத்தையிடம் படித்துக் காட்டினேன். "உங்க மாமா கல்லை லாரியில இருந்து அவரே பிடிச்சு இறக்கினார்" என்றார். கடப்பா இருக்கட்டும் என்று வீட்டில் எல்லோரும் ஒரே மனதாகச் சொல்லிவிட்டார்கள். எங்கள் தெருவில் 2015-இல் வாசல் வரைக்கும் வந்து நின்றதாம், உள்ளே வரவில்லை.

உளி அண்ணா, ட்ராயர் யோசனை மனதில் பதிந்துவிட்டது. கதவுக்கும் ட்ராயருக்கும் எந்தப் பலகை? கடையில் போய் நின்றால் பிடபிள்யூபி, பிடபிள்யூஆர், எம்ஆர், எச்டிஎச்எம்ஆர் என்று எழுத்தாகச் சொல்கிறார்கள். விலையும் ஒன்றுக்கொன்று இரண்டு மடங்கு வித்தியாசம்.

இன்னொரு சந்தேகம். ஒரு தட்டில் ஊறுகாய் ஜாடி இருந்த இடத்தில் வெள்ளை வட்டம் விழுந்திருக்கிறது. எவ்வளவு தேய்த்தும் போகவில்லை. கல் கெட்டுப்போய்விட்டதா?

உளியும்_இழைப்புளியும்

முதலில் வட்டம். கல் கெடவில்லை. கடப்பா சுண்ணாம்புக் கல் வகை, ஆந்திராவில் கடப்பா ஜில்லாவில் வெட்டி வருவது. புளி, எலுமிச்சை, ஊறுகாய்ச் சாறு பட்டால் மேல்பூச்சு அரிக்கும், கறுப்பு போய் வெளுத்துத் தெரியும். கிரானைட்டுக்கு இந்தப் பிரச்சினை வராது. பாலிஷ் போடுபவர் வந்தால் அந்த இடத்தை மட்டும் தேய்த்துக் கொடுப்பார். இல்லாவிட்டால் ஜாடிக்கு அடியில் ஒரு தட்டு வையுங்கள், போதும்.

இப்போது பலகை. எம்ஆர் என்பது ஈரப்பதம் தாங்கும் என்று பெயர்தானே தவிர, சமையலறைக்கு ஆகாது. கட்டில், புத்தக அலமாரிக்குச் சரி. பிடபிள்யூஆர் கொதிநீருக்கு ஓரளவு தாங்கும் பசை. பிடபிள்யூபி என்பது மரைன் பிளைவுட், ஐஎஸ் 710 தரம். 72 மணி நேரம் கொதிக்கும் தண்ணீரில் போட்டும் அடுக்கு பிரியக் கூடாது என்பது அதற்கான சோதனை.

நிறையப் பேர் ஏமாறுகிற இடம் ஒன்று சொல்கிறேன். எம்ஆர், பிடபிள்யூஆர் இரண்டுக்கும் ஐஎஸ் 303 என்ற ஒரே எண்தான். கடைக்காரர் "ஐஎஸ்ஐ முத்திரை இருக்கு, 303 இருக்கு" என்று காட்டுவார். பக்கத்தில் என்ன தரம் என்று அச்சாகியிருக்கிறது என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும். ஐஎஸ் 710 என்றால் அந்தக் குழப்பம் இல்லை. முத்திரைக்குக் கீழே சிஎம்/எல் என்று ஆரம்பித்து ஒரு உரிம எண் இருக்கும். பிஐஎஸ் கேர் என்று போனில் ஒரு ஆப் இருக்கிறது. அதில் அந்த எண்ணைப் போட்டால் யாருடைய உரிமம், எந்தப் பொருளுக்கு, இப்போதும் நடப்பில் இருக்கிறதா என்று காட்டிவிடும். கடையிலேயே நின்று பாருங்கள், கூச்சப்பட வேண்டாம். உங்கள் காசு.

அப்புறம், ஷீட்டின் ஓரத்தைக் கண்ணுக்கு நேராகப் பிடித்துப் பாருங்கள். அடுக்குகளுக்கு நடுவே ஓட்டை தெரியக் கூடாது. விரல் முட்டியால் நடுவில் அங்கங்கே தட்டுங்கள். ஓரிடத்தில் மட்டும் பொள்ளலாகச் சத்தம் வந்தால் உள்ளே சதை இல்லை. கதவுக்கு 18 எம்எம், ட்ராயர் பக்கத்துக்கு 12 எம்எம், பின் அடைப்புக்கு 6 எம்எம்.

எச்டிஎச்எம்ஆர் நல்ல அடர்த்தியான போர்டு, வழுவழுப்பாக இருக்கும். மேல் அலமாரிக் கதவுக்குத் தாராளமாகப் போடலாம். சிங்க் பக்கம் நான் போட மாட்டேன்.

வரைபலகை

நான் வீட்டு உள்ளமைப்பு வேலை செய்கிறேன், திருச்சி. தொழிற்சாலை வேலைக்கு ஒரு வார்த்தை பரிந்து பேச வேண்டும். ஓரத்தில் ஒட்டும் பட்டையை மெஷினில் சூடான பசையோடு ஒட்டுவது கையால் ஒட்டுவதைவிட நிச்சயமாக உறுதி. தண்ணீர் உள்ளே புகுவது பெரும்பாலும் பலகையின் முகத்தில் இல்லை, ஓரத்தில்தான். கார்பெண்டர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் கையால் ஒட்டிய பட்டை சில வருஷத்தில் முனையில் நிமிரும்.

அதற்கு ஒரு நடுவழி இருக்கிறது, கயல். பலகையையும் அதன்மேல் ஒட்டும் மைக்கா ஷீட்டையும் நீங்களே வாங்கி, மைக்காவை அழுத்தி ஒட்டி, அளவுக்கு வெட்டி, ஓரம் ஒட்டித் தரும் கட்டிங் கடைகளில் கொடுத்துவிடுங்கள். சென்னையில் இப்போது எல்லாப் பகுதியிலும் இருக்கின்றன. ஓரம் ஒட்ட ரன்னிங் அடி, அதாவது நீள அடிக் கணக்கில் காசு வாங்குவார்கள். கதவுகளாக வீட்டுக்கு வந்துவிடும். கார்பெண்டர் சட்டம் அடித்து மாட்டினால் போதும். வீட்டுக்குள் மரத்தூளும் இருக்காது, கூலி நாளும் குறையும். வெளியே தெரியும் ஓரத்துக்கு 2 எம்எம் பட்டை கேளுங்கள்.

வாங்கிய விலைப்பட்டியல்களை ஒப்பிடும்போதும் கவனம். ஒருவர் முகப்புச் சதுர அடிக்கு விலை சொல்வார், இன்னொருவர் ரன்னிங் அடிக்கு. ஒருவர் கைப்பிடி, கீல் சேர்த்திருப்பார், இன்னொருவர் அதையெல்லாம் கீழே சின்ன எழுத்தில் தனியாகப் போட்டிருப்பார். பெட்டிப் பலகை, கதவுப் பலகை, மைக்காவின் கனம், கீல் எத்தனை, ட்ராயர் ஓடும் சேனல் எத்தனை ஜோடி என்று எல்லாவற்றையும் எழுதி வாங்காமல் விலையை ஒப்பிட முடியாது.

ஒரு எச்சரிக்கை. கதவு போடப் போகிறீர்கள், சிலிண்டர் எங்கே இருக்கிறது? மேடைக்குக் கீழே என்றால் அந்தக் கதவின் அடியில் காற்றுப் போக வழி வைத்தே ஆக வேண்டும். சமையல் எரிவாயு காற்றைவிடக் கனமானது, கசிந்தால் தரையோடு தங்கும். மேலே ஓட்டை போட்டால் பிரயோஜனம் இல்லை, கீழே வேண்டும். ரப்பர் குழாயில் அச்சிட்டிருக்கும் தேதியையும் இந்தச் சாக்கில் பார்த்துவிடுங்கள்.

மேல் அலமாரிக்கு ஆழம் 12 அங்குலம் போதும். மேடைக்கும் அதற்கும் நடுவில் 24 அங்குலம் விடுங்கள். குக்கர் விசில் அடிக்கும் இடத்துக்கு நேர் மேலே அலமாரி வேண்டாம். தினமும் அந்த நீராவி அடிப்பலகையில் பட்டால் எந்தப் பிளைவுட்டும் சில வருஷத்தில் உரியும்.

நெய்தல்

திருவான்மியூரில் கடலிலிருந்து அரை கிலோமீட்டர். அலமாரிக்குள் வைத்து இழுக்கும் கம்பிக் கூடைகளைப் பற்றி மட்டும் சொல்கிறேன். கம்பிக் கூடை எஸ்எஸ் 304, அதாவது துருப்பிடிக்காத நல்ல எவர்சில்வர் என்று சொல்லி விற்றார்கள். காந்தம் வைத்துக் காட்டினார்கள், ஒட்டவில்லை, நம்பி வாங்கினேன். ஒன்றரை வருஷத்தில் இணைப்புகளில் துரு. பிறகுதான் தெரிந்தது, மலிவான 202 வகையிலும் காந்தம் ஒட்டாதாம். காந்தச் சோதனையை வைத்து அந்த இரண்டையும் பிரிக்கவே முடியாது. பில்லில் 304 என்று எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதித் தர மறுத்தால் அதுவே பதில். அல்லது கூடையே வேண்டாம், பலகை ட்ராயரே போதும். துடைக்கவும் சுலபம்.

கயல்_மாடம்பாக்கம்

நெய்தல், கூடையை விட்டுவிட்டேன். வரைபலகை மேடம், சிலிண்டர் மேடைக்குக் கீழேதான் இருக்கிறது. குழாயில் தேதியைப் பார்த்தோம், முடிந்து ஏழு மாதம் ஆகிறது. அன்றே புதுக் குழாய் வாங்கி மாற்றிவிட்டோம். இந்த ஒன்றுக்காகவே உங்களுக்கு எத்தனை நன்றி சொன்னாலும் தகும்.

பிளைவுட் விஷயத்தில் ஒரு வேலை செய்தேன். மூன்று கடைகளில் கையகலத் துண்டு ஒவ்வொன்று கேட்டு வாங்கி வந்தேன். மூன்றும் ஐஎஸ் 710 என்றுதான் சொன்னார்கள். பின்கட்டில் வெந்நீர் போடும் விறகடுப்பில், பழைய அலுமினியக் குண்டானில் மூன்றையும் போட்டு, மேலே ஒரு கல்லை வைத்துக் கொதிக்கவிட்டேன். முதல் நாள் நாலு மணி நேரம், வெயிலில் காய்ச்சல், மறுநாள் இன்னொரு நாலு மணி நேரம். மலிவாகக் கொடுத்த கடைத் துண்டு இரண்டாம் நாள் மதியமே மூலையில் புத்தகம் மாதிரி விரிந்துவிட்டது. நகத்தை விட்டு இழுத்தால் மேல் தாள் தனியாக வருகிறது. தண்ணீரும் சிவந்துபோனது. மற்ற இரண்டும் நிறம் மங்கியதே தவிர அசையவில்லை. அந்த இரண்டில் விலை குறைந்ததை எடுக்கலாம் என்றிருக்கிறேன், சதுர அடி 115.

உளியும்_இழைப்புளியும்

அருமைம்மா. 72 மணி நேரச் சோதனைக்கு இது சமமில்லை, ஆனால் மோசமான பசையைக் காட்டிக்கொடுத்துவிடும். என் வாடிக்கையாளர் ஒருவர்கூட இவ்வளவு மெனக்கெட்டதில்லை. 115 நியாயமான விலை. ஷீட்டுகள் வந்து இறங்கும்போது, துண்டு கொடுத்த அதே முத்திரைதானா என்று ஒவ்வொன்றையும் பார்த்து இறக்குங்கள்.

கீலில் மிச்சம் பிடிக்காதீர்கள். ஹெட்டிச், எப்கோ மாதிரி தெரிந்த பெயராக, மெதுவாக மூடும் வகை வாங்குங்கள். ட்ராயருக்கு 20 அங்குல டெலஸ்கோப்பிக் சேனல், 45 கிலோ தாங்குவது. விலை உயர்ந்த பெட்டி வகை ட்ராயர் உங்களுக்கு வேண்டாம், ஒன்றின் விலையில் இதில் மூன்று வந்துவிடும். மைக்காவில் பளபளப்பு வேண்டாம், மேட் எடுங்கள். எண்ணெய்க் கை பட்டால் பளபளப்பில் ஒவ்வொரு விரலும் தெரியும்.

கதவின் உள்பக்கமும் மைக்கா ஒட்டியே ஆக வேண்டும். ஒரு பக்கம் மட்டும் ஒட்டினால் கதவு வில்லாக வளையும். உள்ளேதானே என்று பெயிண்ட் அடித்து விட்டுவிடுபவர்கள் இருக்கிறார்கள், அதற்குச் சம்மதிக்காதீர்கள்.

கோவை_வாசி

உளி அண்ணா, எனக்கும் ஒரு கேள்வி. சிங்க்குக்குக் கீழே இப்போது என்ன செய்யலாம்? பலகையை மாற்றினாலும் மறுபடி கசியுமோ என்று பயமாக இருக்கிறது.

உளியும்_இழைப்புளியும்

தம்பி, அந்த ஒரு பகுதிக்கு மட்டும் அடிப்பலகையே வேண்டாம். எடுத்துவிட்டு, தரைமேல் டைல்ஸ் ஒட்டி, முன்பக்கம் அரை அங்குலச் சரிவு கொடுங்கள். கசிந்தால் தண்ணீர் வெளியே வந்து காலில் படும், உடனே தெரிந்துவிடும். கசிவு மறைந்திருந்தால்தான் ஆபத்து. பக்கப் பலகையின் அடி ஓரத்துக்கு சிலிக்கான் பூசி, பிவிசி கால் மேல் நிறுத்துங்கள்.

கயல்_மாடம்பாக்கம்

ஐந்து மாதம் கழித்து வருகிறேன். ஐப்பசி, கார்த்திகை மழை இரண்டையும் பார்த்துவிட்டு எழுத வேண்டும் என்று காத்திருந்தேன்.

வேலை முடிந்துவிட்டது. 18 எம்எம் மூன்று ஷீட், 12 எம்எம் ஒன்று, 6 எம்எம் ஒன்று, எல்லாம் சேர்த்துப் பலகை 15,200. உள்ளும் வெளியும் மைக்கா 6,600. முகப்புச் சட்டத்துக்கு வேப்ப மரம், செங்கலில் அடிப்பதற்கான ஆங்கர் போல்ட்டோடு 6,800. பத்துக் கதவுக்கு இருபது கீல், மூன்று ஜோடி சேனல், கைப்பிடிகள் எல்லாம் 6,310. கட்டிங் கடையில் ஓரம் ஒட்டியது, பசை, ஆணி 3,500. கார்பெண்டரும் உதவியாளரும் ஒன்பது நாள், 18,450. புது சிங்க், குழாய் வேலை 9,400. மொத்தம் 66,260. சுவரில் டைல்ஸுக்கும் மின் இணைப்புகளுக்கும் 28,000 ஆனது. 1,30,000-இல் மிச்சம் இருக்கிறது என்று சொல்லும்போது எனக்கே நம்ப முடியவில்லை.

எல்லாம் நினைத்தபடி நடந்துவிடவில்லை. செங்கல் தடுப்பில் ஒன்று பழைய பூச்சு பொரிந்து, ஆங்கர் பிடிக்காமல் கழன்று வந்தது. அந்த இடத்தில் கொத்தனாரை வரவழைத்துப் பூசி, நாலு நாள் ஈரம் காய விட்டுத்தான் மறுபடி அடிக்க முடிந்தது. வேப்ப மரச் சட்டம் ஒன்று மழைக்கு உப்பி, சிங்க் பக்கத்துக் கதவு உரசியது. கார்பெண்டர் வந்து கீலில் இருக்கும் சின்னத் திருகை அரைச் சுற்று திருப்பினார், சரியாகிவிட்டது. கடப்பாவை மூடிக் கதவு போட்டதும் மழை நாளில் உள்ளே ஒரு பூஞ்சை வாடை வந்தது. இப்போது வாரத்துக்கு இரண்டு நாள் மத்தியானம் எல்லாக் கதவையும் திறந்து வைக்கிறேன், வாடை போய்விட்டது. வெங்காயம், உருளைக்கிழங்கு வைக்கும் தட்டுக்குக் கதவே போடவில்லை, அப்படியே திறந்திருக்கிறது. சிலிண்டர் கதவின் அடியில் கை நுழையும் அளவுக்கு வெட்டி, வலை அடித்திருக்கிறோம்.

வெள்ளி, செவ்வாய் சமையலறைத் தரையைத் தண்ணீர் ஊற்றிக் கழுவிவிடுவது அத்தையின் பழக்கம். நாலு அங்குலக் கட்டுக்கு மேலே கதவு ஆரம்பிப்பதால் ஒரு சொட்டும் படவில்லை. கரப்பான் அடியோடு போய்விட்டது என்று சொல்ல மாட்டேன், ஆனால் பாத்திரத்தை எடுத்து அப்படியே அடுப்பில் வைக்க முடிகிறது.

உளியும்_இழைப்புளியும்

ரொம்ப சந்தோஷம்மா. அடி ட்ராயர் எப்படி ஓடுகிறது? கனம் வைத்து ஐந்து மாதம் ஆனதால் முன் முகம் இறங்கியிருக்கிறதா என்று பாருங்கள். ட்ராயரை மூடிவிட்டு, மேல் இடைவெளியில் ஒரு அஞ்சலட்டையைச் செருகி இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு இழுங்கள். எங்காவது பிடித்தால் சொல்லுங்கள்.

கயல்_மாடம்பாக்கம்

இப்போதுதான் பார்த்தேன் அண்ணா. அஞ்சலட்டை இல்லை, கல்யாணப் பத்திரிகை அட்டையை வைத்து இழுத்தேன். ஒரே சீராக வருகிறது, எங்கேயும் பிடிக்கவில்லை. அடி ட்ராயரில் ஐந்து லிட்டர் குக்கர், இட்லிக் குண்டான், இரும்பு தோசைக்கல் மூன்றும் இருக்கின்றன. நடு ட்ராயரை அஞ்சறைப்பெட்டிக்கும் பருப்பு டப்பாக்களுக்கும் அத்தை எடுத்துக்கொண்டார். அடி ட்ராயரைக் காலால் லேசாக நெம்பி இழுத்துவிட்டு, ஒரு கையை மேடைமேல் வைத்தபடியே குக்கரை எடுக்கிறார். உட்காருவதில்லை.